இரண்டு நாற்பத்தேழு

உங்கள் மேசையிலுள்ள மணிக்கூடு நான்கு நிமிடம் பிந்தி ஓடுகிறது, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. என் வேலை அப்படி, கண்ணில் பட்டுவிடுகிறது.

என் பெயர் நதானியேல். ஊர் உடுவில். பருத்தித்துறைக்கு அப்பால் ஒரு கரையில், மீனவர் சங்க அலுவலகத்தில் கணினி வேலை. அம்மா தேவாலயத்தில் ஓய்வுநாள் பாடசாலை நடத்தியவர். பொய் சொன்னால் அன்றைக்குச் சோறு இல்லை என்று வளர்த்தார். இன்றுவரை நான் பொய் சொல்வதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் படகுகளில் ஒரு சின்னப் பெட்டி பூட்டியிருக்கிறது. ஆபத்தென்றால் அதிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். செய்தி அலுவலகக் கணினிக்கு வரும். அங்கே இருப்பவர் கடற்படைக்கு அறிவிக்க வேண்டும். செய்தி எத்தனை மணிக்கு வந்தது, யார் பார்த்தார், என்ன செய்தார் என்பதையெல்லாம் மென்பொருள் தானாகவே தடமாக எழுதிவைத்துக்கொள்ளும். அந்தத் தடத்தைப் பார்க்கப் படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டினால் வரிவரியாக வந்து விழும். சங்கத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மாலை ஆறிலிருந்து காலை ஆறுவரை அந்தக் கதிரையில் மார்க்கண்டு அண்ணை இருப்பார். வயது அறுபத்து மூன்று, முப்பது வருடம் கடலில் கிடந்தவர். அவர் எழும்பிப் போக நான் உட்காருவேன்.

கார்த்திகையில் ஒருநாள் பின்னேரம் அவருடைய மருமகன் ஜெயதீபன் தனியாகத் தொழிலுக்குப் போனான். மறுநாள் திரும்பவில்லை. அவன் போன பக்கம் வேறு யாரும் வலை போட்டிருக்கவில்லை. மூன்றாம் நாள் உடல் கரையொதுங்கியது. அவன் மனைவி வித்தியா, மார்க்கண்டு அண்ணையின் ஒரே மகள், சங்கத்துக்கு வந்து ஒன்றைத்தான் கேட்டாள்.

"அவர் பெட்டியை அமத்தினவரோ, இல்லையோ?"

கூட்டம் வைத்தார்கள். தலைவர் தில்லைநாதன் தடத்தைக் காட்டச் சொன்னார். கட்டளையைத் தட்டினேன். ஜெயதீபனின் படகு, ஆபத்துச் செய்தி, 02:47. எல்லாரும் மார்க்கண்டு அண்ணையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சந்நிதி முருகன் ஆணை, நான் கண் மூடேல்லை," என்றார் அவர். "முழிச்சுத்தான் இருந்தனான். ஒண்டும் வரேல்லை."

"கணினி பொய் சொல்லுமோ?" என்றார் தலைவர்.

தீர விசாரிப்பதே மெய் என்று சின்ன வகுப்பிலேயே படிக்கிறோம். அங்கே இருந்தவர்கள் கண்ணால் கண்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு நான் என்ன செய்ய?

மறுநாள் காலை அவர் அலுவலகத்துக்கு வந்தார். "தம்பி, இன்னொருக்காப் பார்." பார்த்துக் காட்டினேன். 02:47. அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். ஒருநாள் என் காலைப் பிடித்துவிட்டார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. தூக்கி நிறுத்தினேன்.

"உது பிழைக்காதோ ராசா? மகள் என்னோடை கதைக்கிறாள் இல்லை. நான் வாங்கிக் குடுத்த மீனை நாய்க்குப் போட்டிட்டாள்."

"உது எழுதினதைத்தான் காட்டும் அண்ணை," என்றேன். அதிலும் பொய் இல்லை.

பத்தாம் நாள் வந்தபோது அவர் கெஞ்சவில்லை. "நான் அயர்ந்துதான் போனன், தம்பி. இப்ப நல்லா ஞாபகம் வருது. கதிரையிலை தலையைச் சாய்ச்சனான்," என்றார். மகளிடம் கொடுக்க ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். நானே எழுதினேன், நல்ல தமிழில், 'என் கவனக்குறைவால்' என்று தொடங்கி. வாசித்துக் காட்டினேன். கையெழுத்து வைத்தார். அதன் பிறகு சாப்பாட்டை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அவர் அயரவில்லை என்பது எனக்குத் தெரியும், ஐயா. அந்தத் தடம் நேரத்தைக் கிரீன்விச் கணக்கில்தான் எழுதும். எங்கள் நாட்டு நேரத்தில் காட்டு என்று கட்டளையின் கடைசியில் ஒரு சிறு சொல் சேர்க்க வேண்டும். எப்போதும் சேர்ப்பேன். அந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. 02:47 உடன் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிப் பாருங்கள். காலை எட்டுப் பதினேழு. அந்தக் கதிரையில் இருந்தவன் நான்.

ஒரு வரி மட்டும் காட்டு என்றும் தட்டியிருந்தேன். கீழே இன்னும் இருந்தது. பெட்டியில் ஈரம் பட்டால் சும்மாவும் செய்தி வரும். அந்த மாதம் அப்படி இரண்டு தரம் வந்து கடற்படை வீணாக அலைந்தது. "இன்னொருக்கா உப்பிடி நடந்தால் உம்மடை பெட்டியளைக் கழட்டிக் கடலிலை எறிவன்," என்று தலைவர் எல்லார் முன்னாலும் என்னை ஏசினார். ஜெயதீபன் திரும்பாத அன்று காலை ஒன்பது மணிக்குத்தான் பெட்டி தந்தவர்கள் கொழும்பிலிருந்து பார்க்க வருவதாக இருந்தது. அந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை இல்லை. திரை சிவந்தது. 'பார்த்தாயிற்று' என்பதை அழுத்தினேன். திரும்பச் சிவந்தது. திரும்ப அழுத்தினேன். ஏழு தரம். ஈரம் பட்ட பெட்டி அப்படி ஆறுதலாக, இடைவெளி விட்டு அழுத்தாது. மனிதன்தான் அழுத்துவான். அது எனக்கு மூன்றாம் தரமே விளங்கிவிட்டது. கடைசிச் செய்தி எட்டு ஐம்பத்திரண்டுக்கு. விருந்தினர் வந்தபோது திரை பச்சையாக இருந்தது. பாராட்டிவிட்டுப் போனார்கள்.

போன செவ்வாய் மார்க்கண்டு அண்ணை செத்துப்போனார். செத்தவீட்டுக்குப் போனேன். வித்தியா அழவில்லை. எழும்பி என்னிடம் வந்தாள்.

"அண்ணை, நீங்கள் இல்லையெண்டால் எங்களுக்கு உண்மை தெரியாமலே போயிருக்கும்," என்றாள்.

அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஐந்து நாளாக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. என்னைப் பிடித்து உள்ளே போடுங்கள். ஆனால் அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், என்னால் முடியாது.

முன்பே ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. மார்க்கண்டு அண்ணை உயிரோடிருக்கும்போது இதைச் சொல்லியிருந்தால், அந்த வயதில் அவருடைய மனம் தாங்கியிருக்காது, ஐயா. அவருக்காகத்தான் பொறுத்திருந்தேன்.