மஞ்சள் துணி கட்டிய பார்வையாளர்

— கன்னியம்மா, கற்பூரத்த ஏத்து. அணைச்சி சத்தியம் பண்றேன். இந்த ராஜாக்கண்ணு சொல்லப் போறதுல ஒரு எழுத்து பொய் இருந்தா, இன்னிக்கு ராத்திரி எனக்குக் களி கெடையாது.

— சத்தியம் அப்புறம். கெடா எங்க?

— அதத்தான் சொல்ல வர்றேன்...

— காலைல மேய்க்கப் போனது நீயும் கெடாவும். திரும்பி வந்தது நீ மட்டும். வெள்ளிக்கிழம காளியம்மனுக்கு வெட்டணும்யா. நம்ம பொண்ணு புவனா பிரசவத்துல ரெண்டு உசுரும் பொழைக்கணும்னு வேண்டினு வுட்டது. அது இல்லாம எந்த மூஞ்சிய வெச்சினு சாமி முன்னாடி நிக்கறது?

— கெடா... சவுக்கியமா கீது. கௌரவமாவும் கீது.

— கௌரவமாவா?

— ஜமுனாமரத்தூர்ல மலர் கண்காட்சி, ஓவியக் கண்காட்சின்னு ஜீப்புல மைக்கு கட்டினு கத்தினு போனான் இல்ல? வெட்டப் போற சீவன், அதுக்குள்ள நாலு பூவ பாக்கட்டும்னு கூட்டினு போனேன்.

— அவ்ளோ தூரம் நடந்தா?

— பஸ்ஸுல. கண்டக்டர் ஜன்னலோரமா சீட்டு குடுத்தாரு.

— உனக்கா?

— கெடாவுக்கு. நான் நின்னுக்கினுதான் போனேன்.

— ம்... ஆட்ட உள்ள வுட்டாங்களா?

— வாட்ச்மேன் குச்சிய ஓங்கினாரு. கழுத்துல மஞ்சத்துணிய பாத்தாரு. சாமிக்கு வுட்டத அடிக்கலாமா, கட்டலாமா? குச்சிய கீழ போட்டு கன்னத்துல போட்டுக்கினாரு. அதுக்கு வழி வுட்டுட்டு எங்கிட்டதான் டிக்கெட் கேட்டாரு.

— சரி, உள்ள?

— பூவாலயே ஒரு யானை. நெசமான யானையவிட ஒரு மொழம் ஒசரம். தும்பிக்கை முழுக்க ரோசா.

— தின்னுடுச்சா?

— சேச்சே. நம்ம கெடாம்மே! மரியாதையா ஒரு சுத்து சுத்தி வந்து பாத்துச்சி. வாலு மட்டும்...

— வாலு?

— ருசி பாத்துச்சி. யானைக்கு வாலு கொஞ்சம் நீளம்னு அங்க எல்லாருமே பேசிக்கினாங்க. இப்ப அளவா கீது. ஒடுகத்தூர்லேர்ந்து வந்த பொண்ணுங்க அதுகூட செல்ஃபி எடுத்துச்சிங்க. என்ன கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லிச்சிங்க.

— நல்ல பொண்ணுங்க. அப்புறம்?

— ஓவியம். அங்கதான் கூத்து. சாமைக் கொல்லைய ஒருத்தர் வரைஞ்சி மாட்டியிருந்தாரு. கெடா நின்னுச்சி. பாத்துச்சி. நக்குச்சி. பெயிண்டுன்னு தெரிஞ்சதும் தலைய தொங்கப் போட்டுனு ஒரு பெருமூச்சு வுட்டுச்சி பாரு... வரைஞ்சவரு ஓன்னு அழுதுட்டாரு. இத்தினி வருசம் வரைஞ்சதுல இப்பத்தான் ஒருத்தரு ஏமாந்தாருன்னு.

— அது இன்னாய்யா, வேட்டி முழுக்க ஒட்டுமுள்ளு?

— இதுவா... முள்ளுச் செடி ஓவியம் ஒண்ணு இருந்துச்சி. கிட்ட போய் பாத்துட்டேன். ரொம்ப தத்ரூபம்.

— முட்டியில ரத்தம்?

— கூட்டம்மே. தள்ளிட்டாங்க.

— தொண்ட ஏன் கட்டிக்கினு கீது?

— கெடாவுக்கு பரிசு குடுத்தாங்க இல்ல? சந்தோசத்துல கூவிட்டேன்.

— பரிசு வேறயா!

— சிறந்த பார்வையாளர். மொத பரிசு. மாலை போட்டாங்க. மாலையத் தின்னுடுச்சி. இன்னொரு மாலை போட்டாங்க. அப்புறம் ஒரு பெரிய ஆபீசர், "இவரு இன்னிக்கு எங்க விருந்தாளி, நாளைக்கு அனுப்பறோம்"னுட்டாரு. ஆபீசர் பேச்ச நான் எப்படித் தட்டறது?

— அப்ப நாளைக்கு வந்துடும்.

— வந்துடும்...

— நிச்சயமா?

— ...விடியறதுக்குள்ள கெளம்பிடறேன் கன்னி. அந்த ஓடைப் பக்கம் மட்டுந்தான் இன்னும் பாக்கல...

— ஓடையா? கெடா ஆபீசர்கிட்ட இல்ல கீது?

— அது... ஆபீசரு ஓடைப் பக்கம்...

— யோவ்.

— புளிய மரத்தடியில கண்ணு கொஞ்சம் அசந்துடுச்சி. சாமிக்கு வுட்டத கயித்துல எப்படிக் கட்டறது, சொல்லு? முழிச்சிப் பாத்தா... புவனாவுக்கோ கொழந்தைக்கோ எதுனா ஆச்சின்னா, நான்...

— அய்ய, அழாதய்யா! எழுந்து கொட்டாய்க்குப் பின்னாடி போய்ப் பாரு.

— பின்னாடி இன்னா கீது?

— போய்ப் பாருன்னா!

— ...ஏம்மே! கன்னி! அட என் சாமீ... படுத்து அசை போட்டுனு கீது! எப்ப வந்துச்சி?

— மத்தியானமே. தானா வந்துச்சி. வந்ததும் என் தவலைத் தண்ணியில பாதிய குடிச்சிடுச்சி.

— மத்தியானமேவா! நான் மலை முழுக்க... அப்ப ஏம்மே இவ்ளோ நேரம் வாயத் தொறக்கல?

— யானை வாலு இன்னா ஆச்சின்னு தெரியவேணாமா?

— அப்பாடா... வவுத்துல பால வாத்தம்மே. ஆனா ஒண்ணு பாத்தியா? அந்த ஆபீசரு நல்ல மனுசன். ஒரு நாள் முன்னாடியே ஜீப்புல ஏத்தி அனுப்பிட்டாரு. கெடா வாயில ரோசா வாசன அடிக்குது, வேணும்னா மோந்து பாரு.

— காலையில மோந்து பாக்கறேன். நீ கால கழுவினு வா, களி ஆறுது. எதுத்த வூட்டு பாஞ்சாலை அங்க பூந்தொட்டி அடுக்கற வேலைக்குப் போய்ட்டு இப்பத்தான் வந்தா. கண்காட்சி தொடங்கறதே நாளைக்குத்தானாம்.