வண்டிச் சத்தம் கேட்டால் ஓடி வந்த பிள்ளைகள்

"படு! படு! காக்கா, தலையைத் தூக்காதே! படுடி!"

குழிக்குள் கிடக்கிறோம். இடுப்பளவு ஆழம். என் மடியில் ஒருவன். முதுகில் ஒருத்தி. காலடியில் மூன்று பேர். விமானம் முதலில் காதுக்குத் தெரியாது. பல்லுக்குத் தெரியும். பல் கூசும். அப்புறம்தான் காதில் விழும். பிறகு ஒரு நீண்ட விசில். பிறகு ஒன்றும் கேட்காது. அந்த ஒரு நொடிதான் நரகம். டம். வாயெல்லாம் மண். இன்னொரு டம். இது தள்ளி, ஆற்றுப் பக்கம். காக்கா என் கையைக் கடிக்கிறாள். கத்தக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன், அதனால் கடிக்கிறாள். கடிக்கட்டும்.

இது சூடான் நாட்டின் தெற்கே ஒரு மலைப்பகுதி. ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன். உயிரோடு இருக்கும் சில பிள்ளைகள் இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். நோயாளிப் பிள்ளைகளுக்கும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும் ஒரு கிறிஸ்தவ மிஷன் அங்கே இல்லம் நடத்தியது. நான் அதில் நர்ஸ். பெயர் ஸ்டெல்லா. சொந்த ஊர் கள்ளக்குறிச்சி, கருணாபுரம்.

காக்கா என்ற பெயருக்குச் சிரிக்காதீர்கள். அந்த மலையில் முதலில் பிறக்கும் பெண்ணுக்கு அதுதான் பெயர். முதல் பையன் என்றால் கூக்கூ. என் மடியில் இருந்தவன் கூக்கூ. இரண்டு பேருக்கும் ரத்தத்தில் கோளாறு. தாகம் எடுத்தால் எலும்புக்குள் வலி கிளம்பும். விடிய விடிய அலறும். மாத்திரையும் தண்ணீரும் நேரத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிழைத்துக் கிடப்பார்கள். என் வேலை அவ்வளவுதான். தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று நாள் முழுக்கத் துரத்துவது.

அரபி என் வாயில் வராது. அதனால் விமானம் வந்தால் 'படு' என்று தமிழிலேயே பழக்கினேன். ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். தூக்கத்தில் சொன்னால்கூடக் குப்புற விழுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்.

அவர்களுக்கு இன்னொன்றும் பழக்கியிருந்தார்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இல்லத்தின் தலைவர் நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். பெயரை எழுதி என் பேனாவை அசிங்கப்படுத்திக்கொள்ள மாட்டேன். தலைவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த மலைக்கு வண்டி என்று ஒன்று வந்தால் அதில் விருந்தாளிகள்தான் வருவார்கள். நன்கொடை கொடுக்கிற சபைக்காரர்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் முகம் கழுவ வேண்டும். மஞ்சள் டீ சர்ட் மாட்ட வேண்டும். நெஞ்சில் அந்தச் சபையின் முத்திரை. வேப்பமரத்தடிக்கு ஓடி வந்து வரிசையில் நிற்க வேண்டும். வரவேற்புப் பாட்டு பாட வேண்டும். தலைவரே எழுதிய இங்கிலீஷ் பாட்டு. ஒரு வார்த்தைக்கும் பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியாது. பாடி முடித்தால் மிட்டாய். பிந்தி வந்தவனுக்குக் கிடையாது. காக்காவுக்குக் கன்னத்தில் குழி விழும். போட்டோவுக்கு நன்றாக வருவாள் என்று வரிசையில் முதல் இடம்.

வலியில் சுருண்டு கிடந்த பிள்ளையைக்கூட எழுப்பி நிறுத்துவார். சிரிக்கச் சொல்வார். நான் சண்டை போட்டேன். "இது மிஷன் வேலை சிஸ்டர், உங்களுக்குப் புரியாது" என்றார். எனக்குப் புரியாதாம். மலம் அள்ளினவள் நான். சீழ் துடைத்தவள் நான். சமையல்கார மரியம் இரவில் பிள்ளைகளின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே ஜெபம் செய்வாள். மிஷன் வேலை என்றால் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். இதுவோ வித்தை காட்டுவது. கருமம்.

சண்டை நெருங்கிய வாரம் தலைவர் கிளம்பினார். இருந்தது ஒரே வண்டி. பின் சீட்டில் கேமரா, விளக்கு, கம்ப்யூட்டர். அதை இறக்கினால் காக்காவையும் கூக்கூவையும் படுக்க வைத்து அனுப்பலாம். கெஞ்சினேன்.

"அத்தெல்லாம் மிஷன் சொத்து சிஸ்டர். உட்டுட்டுப் போனா எவனாவது தூக்கிக்கினு பூடுவான்" என்றார்.

பிள்ளைகளை எவனும் தூக்கிக்கொண்டு போக மாட்டான் பாருங்கள். அதனால் விட்டுவிட்டுப் போகலாம்.

போகும்போது பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொன்னார். மரியம் அவர்கள் பாஷையில் திருப்பிச் சொன்னாள். வண்டி திரும்பி வரும். மருந்து வரும், மிட்டாய் வரும். உங்களையும் ஏற்றிக்கொண்டு போகும். சத்தம் கேட்டதும் ஓடி வந்து நில்லுங்கள். பிந்தி வந்தால் வண்டி நிற்காது.

பிள்ளைகள் தலையாட்டினார்கள். காக்கா இரண்டு தடவை ஆட்டினாள்.

வண்டி வரவில்லை. விமானம் வந்தது. பகலெல்லாம் குழி. இருட்டினால் மாவுக் கஞ்சி. மாத்திரை தீர்ந்தது. "வண்டி எப்போ?" என்று காக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். மஞ்சள் டீ சர்ட்டைக் கழற்றவே மாட்டேன் என்றாள். பிந்திவிடக் கூடாதாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை. காலை. விமானம் போய்விட்டது. குருவிச் சத்தம் திரும்பியது. கூக்கூ முனக ஆரம்பித்துவிட்டான். நான் குடத்தோடு அடிபம்புக்கு ஓடுகிறேன். குழிகள் ஒரு பக்கம். பம்பு மறு பக்கம். நடுவில் வேப்பமரம். பம்பு கிறீச் கிறீச் என்கிறது. குடம் பாதி.

சத்தம். வானத்தில் இல்லை. சாலையில். டீசல் வண்டி. தாழ்ந்த கியரில் மேடு ஏறுகிறது.

நம் வண்டி இல்லை. நம் வண்டிக்குப் புகைக்குழாய் உடைந்து கடகடவென்று ஆடும். இது சுத்தமான சத்தம். எனக்குத் தெரிந்துவிட்டது. மரியத்துக்கும் தெரிந்துவிட்டது. "அர்குத்! அர்குத்!" என்று கத்துகிறாள். அவர்கள் பேச்சில் படு என்று அர்த்தம். நான் கத்துகிறேன்.

"படு! காக்கா, படு! வெளியே வராதே! படுங்கடா!"

வருகிறார்கள். குழிகளிலிருந்து ஏறி வருகிறார்கள். படு என்பது விமானத்துக்கு. வண்டிக்குப் பாட்டு. அப்படித்தானே பழக்கியது. ஒருவன் ஓடிக்கொண்டே டீ சர்ட்டில் கையை நுழைக்கிறான். ஒருத்தி எச்சில் தொட்டு முகம் துடைக்கிறாள். காக்கா முதலில் வந்து நிற்கிறாள். இடுப்பில் வலி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறாள். வலிக்கும்போதும் சிரிக்கிறாள். கன்னத்தில் குழி.

பாடத் தொடங்கினார்கள்.

வண்டி வளைவில் திரும்பியது. திறந்த வண்டி. பின்னால் துப்பாக்கி நட்டு வைத்திருந்தது. மரியம் தன் மேல்துணியை விரித்துக்கொண்டு வரிசைக்கு முன்னால் ஓடினாள். தடதடதட. நின்றது. பிறகு தனித்தனியாக மூன்று வேட்டு.

பாட்டு உடனே நிற்கவில்லை. இதை நான் எழுதியே ஆக வேண்டும். வரிசையின் கடைசியில் நின்ற பிள்ளைகள் அடுத்த வரியையும் பாடினார்கள். அதற்குப் பிறகுதான் நின்றது.

ஏன் சுட்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். எந்தக் கட்சி என்றும் கேட்காதீர்கள். மாவு மூட்டையை ஏற்றினார்கள். மருந்து அலமாரியை உடைத்தார்கள், காலி என்று பார்த்து எட்டி உதைத்தார்கள். ஒருவன் அடிபம்பில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தான். என் பாதிக் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு நான் பிள்ளைகளின் பக்கத்தில் கிடந்தேன். என்னை ஏன் விட்டான் என்று தெரியாது. வண்டி போனது.

மிஞ்சிய பிள்ளைகளும் நானும் அவர்களை அவர்கள் குழிகளிலேயே புதைத்தோம். வேறு தோண்டத் தெம்பில்லை. மஞ்சள் டீ சர்ட்டோடுதான் புதைத்தோம். மாற்றத் துணியில்லை. முகம் தெரியாத எவருடைய முத்திரையையோ நெஞ்சில் சுமந்துகொண்டு மண்ணுக்குள் போனார்கள். சீ.

மீதிப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போனேன். மலைக்கு மலை. இரவில் நடை, பகலில் பாறை இடுக்கு. கூக்கூவை முதுகில் கட்டியிருந்தேன். எல்லை தாண்டுவதற்குள் அவன் அலறல் நின்றுவிட்டது. தண்ணீர் இருந்திருந்தால் பிழைத்திருப்பான். அகதி முகாமில் பிள்ளைகளை வேறொரு மிஷன்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். என்னை விமானத்தில் ஏற்றினார்கள். இந்தியப் பாஸ்போர்ட் எனக்குத்தான் இருந்தது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற என் அண்ணன் வந்து கூட்டிப்போனார். தெருவில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். "இன்னாக்கா, வீடியோ கீடியோ எதுனா எடுத்து வெச்சினுக்கீறியா?" என்று ஒருவன் கேட்டான். எங்கள் கருணாபுரத்தில் சாராயச் சாவு விழுந்த வருடம் நான் சூடானில் இருந்தேன். போனில் பார்த்தேன். இதே தெருவில், அழுகிற பிள்ளைகளின் மூஞ்சிக்கு நேராக மைக். அன்றைக்கு அதைப் பார்த்துத் துப்பினவன்தான் இப்போது வீடியோ கேட்கிறான்.

பிறகு ஒரு நாள் தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். தொப்பை வைத்திருந்தது.

"நல்லாக்கிறீங்களா சிஸ்டர்? நான் திரும்ப வரத்தான் இருந்தேன். ரோட்டை அடைச்சிட்டாங்க, இன்னா பண்றது? கர்த்தர் உங்கள பத்திரமா இட்டாந்துட்டாரு பாத்தீங்களா!"

கல்வராயன் மலையில் ஹாஸ்டல் தொடங்கியிருக்கிறாராம். மலைப் பிள்ளைகளுக்கு. நான் வந்து பேச வேண்டுமாம். செருப்பால் அடித்திருப்பேன். அண்ணன் முன்னால் நின்றார். "போய்ட்டுதான் வாயேன் ஸ்டெல்லா. அந்தாளுக்காவ இல்ல. புள்ளைங்கள பாத்தா மனசு ஆறும்" என்றார். பிள்ளைகள் என்றதும் நான் ஒத்துக்கொண்டேன்.

ஜீப் அனுப்பினார்கள். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலை ரோடு. வளைவுக்கு மேல் வளைவு. டீசல் வண்டி. தாழ்ந்த கியர். கதவுப் பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். மேலே பிள்ளைகளின் சத்தம். ஓடி வருகிறார்கள். மஞ்சள் டீ சர்ட். அதே முத்திரை. வரிசையில் நிற்கிறார்கள். பாடுகிறார்கள். வார்த்தை தமிழ். மெட்டு அதே மெட்டு.

ஓடுகிற ஜீப்பின் கதவைத் திறந்துகொண்டு கத்துகிறேன். "படு! படுங்க! உள்ள ஓடுங்க! படுங்கடா!"

ஒருத்தரும் படுக்கவில்லை. தமிழ்ப் பிள்ளைகள், வார்த்தை புரிந்தது, சிரித்தார்கள். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். முதலில் நின்ற சின்னப் பெண் பாட்டை விடவேயில்லை. காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. இறங்கிப் போய் நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. "அம்மா எங்கடி?" என்றேன். "கரும்பு வெட்டப் போயிருக்குது" என்றாள். அவளுக்குப் பின்னால் வாசலில் பெரிய பிளெக்ஸ் பேனர். 'அனாதைக் குழந்தைகளுக்கு உதவுங்கள்'. எழுத்துக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தவள் காக்கா. கன்னத்தில் குழி.

செத்துப்போன பிள்ளையை வைத்து இன்னும் பிச்சை எடுக்கிறான். த்தூ.

நான் மைக்கைத் தேடிப் போகவில்லை. பேனரின் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தேன். தலைவர் "சிஸ்டர், சிஸ்டர், கெஸ்ட்டுங்கோ வர்ற நேரம்" என்று கையைப் பிடித்தார். உதறினேன். காய்ச்சல் பெண்ணை உள்ளே தூக்கிப்போய்ப் படுக்க வைத்தேன். மற்றப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொன்னேன். வண்டி வந்தால் வெளியே வராதீர்கள். யார் வந்தாலும், என்ன கொடுத்தாலும், கூப்பிட்டால்கூட வராதீர்கள். வருகிறவன் இறங்கி உள்ளே வந்து உங்களைப் பார்க்கட்டும். தலையாட்டினார்கள். நன்றாகத்தான் ஆட்டினார்கள்.

கீழே வளைவில் இன்னொரு ஹாரன். என் கண்ணெதிரே எழுந்து ஓடினார்கள். காய்ச்சல் பெண்ணும் எழுந்து ஓடினாள். பிந்திவிடக் கூடாதாம்.

பேனரை மடித்துக்கொண்டு மலையிறங்கி வந்துவிட்டேன். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளிடம் சொல்லிவிட்டேன். "விசாரிக்கிறோம்மா" என்றார்கள். விசாரிக்கட்டும். நான் விடப்போவதில்லை. அதுவரை கணக்கு இங்கே இருக்கட்டும்.

இழந்தது: ஒரு இல்லம். பத்து குழிகள், ஆறு மூடப்பட்டன. ஒரு அடிபம்பு. தண்ணீர்க் குடம் ஒன்று, பாதி நிறைந்தது.

இழந்தவர்கள்:

மரியம். சமையல்காரி. மேல்துணியை விரித்தபடியே.

மூசா. ஹவா. யோஹன்னா. வேப்பமரத்தடியில்.

தியா. நான்கு வயது. டீ சர்ட்டில் ஒரு கைதான் நுழைந்திருந்தது.

கூக்கூ. என் முதுகில்.

காக்கா. ஏழு வயது. வரிசையில் முதல் ஆள்.

அந்த மலையிலிருந்து தப்பிய பிள்ளைகள் இப்போது வண்டிச் சத்தம் கேட்டால் வெளியே வருவதில்லை. கல்வராயன் மலையில் இன்னும் வருகிறார்கள்.