சத்தம் போடக்கூடாத இறுதியாட்டம்

பத்மநாதன்: ...நான் குறை சொல்லேல்லை. ஒரு கோச் எண்டால் தொண்டை இருக்கவேணும். புதுசா வந்தவன் லைப்ரரியில நிக்கிற மாதிரியெல்லே நிக்கிறான்.

சந்திரவதனா: ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிசம். அதுக்குள்ள நாலாவது குறை.

பத்மநாதன்: மூண்டாவது.

சந்திரவதனா: காரால இறங்கேக்க அவன்ர சப்பாத்தைச் சொன்னனீங்கள். அதையும் சேர்க்கோணும்.

பத்மநாதன்: வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சேத்துக்குள்ள நிண்டால் சொல்லாமல்...? நான் இந்த ரீமுக்குப் பன்ரண்டு வருசம் கோச். பன்ரண்டு வருசமும் ஒரே சோடி சப்பாத்து.

சந்திரவதனா: அதை வீட்டுக்குள்ள கொண்டுவர விடாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பத்மநாதன்: கப் எத்தினை எடுத்தனான்? அதையும் சொல்லு.

சந்திரவதனா: ரெண்டு.

பத்மநாதன்: மூண்டு!

சந்திரவதனா: மூண்டாவது, மற்றக் கல்லூரிக்காரரின்ர மினிபஸ் வழியில நிண்டு, அவை வராமல் விட்டதால கிடைச்சது.

பத்மநாதன்: வராமல் விட்டாலும் தோல்வி தோல்விதான். உனக்கென்ன தெரியும்... எங்கட கல்லூரிப் பழைய மாணவர் சங்கம் லண்டனில ரீம் தொடங்கேக்க பதினொரு பேர் சேரேல்லை. செவன் கிங்ஸ் மீன்கடைக்காரற்ர மகனை இழுத்துக்கொண்டு வந்து கோலுக்குள்ள விட்டனான்.

சந்திரவதனா: அந்த மீன்கடைக்காரர் மற்றக் கல்லூரியில படிச்சவர். அதைக் கேக்காமல் விட்டனீங்கள். பேந்து ரெண்டு சங்கமும் ரெண்டு வருசம் கடிதம் எழுதிச் சண்டை. நான் மீன் வாங்க லண்டன்ர மற்றக் கரை, சவுத்தால் வரைக்கும் போனனான்.

பத்மநாதன்: பெடியன் நல்லாப் பிடிச்சவன்.

சந்திரவதனா: ஓம். நீங்கள் கேட்டிருந்தால், தகப்பனும் நல்ல மீன் தந்திருப்பார்.

பத்மநாதன்: சரி சரி. அங்க பார், அபிஷன்! இடப்பக்கக் கோட்டில என்ன ஓட்டம்! ஆர் பழக்கினது?

சந்திரவதனா: அபிஷன் பெஞ்சில இருந்து வாழைப்பழம் சாப்பிடுறான். அது லைன்ஸ்மன்.

பத்மநாதன்: ...லைன்ஸ்மனும் நல்லாத்தான் ஓடுறார்.

சந்திரவதனா: இஞ்சருங்கோ...

பத்மநாதன்: வெயில் கண்ணில அடிக்குது.

சந்திரவதனா: வெயிலோ? மழைக் கோட்டோட இருக்கிறியள்.

பத்மநாதன்: ...இப்ப பந்து எங்க கிடக்கு?

சந்திரவதனா: நடுவில. பந்தயம் ஞாபகம் இருக்குத்தானே? புதுக் கோச் யனுஷன் இண்டைக்குக் கப் எடுத்தால், செவ்வாய்க்கிழமை நீங்கள் கண் ஒப்பரேசனுக்கு வாறியள். ரெண்டு தரம் திகதி மாத்தியாச்சு. இனிக் கேட்டால் ஹொஸ்பிற்றலில கடைசி வரிசைக்குத்தான் விடுவினம்.

பத்மநாதன்: லேசாப் புகை மாதிரி ஒண்டு. அதுக்குப் போய்க் கத்தி வைக்கிறதே?

சந்திரவதனா: பந்தயம் கட்டினது நீங்கள்.

பத்மநாதன்: இவன் வெல்லமாட்டான் எண்டுதானே கட்டினனான். வதனா, நீ ஏன் இண்டைக்கு ஒருக்காலும் கத்திறாயில்லை?

சந்திரவதனா: மெள்ளக் கதையுங்கோ. யனுஷன் எல்லாருக்கும் மெசேஜ் போட்டிருக்கிறான். பாக்க வாற ஆக்கள் சத்தம் போடக்கூடாது. கைதட்டலாம். பெடியள் தாங்களா யோசிச்சு விளையாடவேணுமாம்.

பத்மநாதன்: கைதட்டவோ? இதென்ன அரங்கேற்றமே? ஃபுட்போலில கத்தாமல் வேற எங்க கத்திறது? அந்த நாளில ஹவுன்ஸ்லோவில விளையாடேக்க, தலைக்கு மேலால பிளேன் இறங்கினாலும் உன்ர சத்தம்தான் கேட்டது.

சந்திரவதனா: "வாயைப் பொத்து, மானம் போகுது" எண்டு சொன்னவர் ஆராம்?

பத்மநாதன்: அது அப்ப.

சந்திரவதனா: ஓம்... நீங்கள் கோச்சா நிண்ட கடைசி ரெண்டு வருசமும் சொல்லேல்லைத்தான். உங்களுக்குப் பக்கத்திலயே கதிரை போட்டு இருத்தினனீங்கள். நாப்பது வயசு கழிஞ்ச பிறகாவது மனிசியில பட்சம் வந்திட்டுதெண்டு நினைச்சன்.

பத்மநாதன்: பட்சம்தான். வேற என்ன... ஏன் இப்ப எல்லாரும் கைதட்டினம்?

சந்திரவதனா: நாங்கள் கோல் அடிச்சிட்டம்.

பத்மநாதன்: இதைச் சொல்ல மாட்டியே!

சந்திரவதனா: பக்கத்திலதானே இருக்கிறியள். பாக்கேல்லையோ?

பத்மநாதன்: பாத்தனான். நல்ல கோல்... ஆர் அடிச்சது?

சந்திரவதனா: பாத்தனீங்கள்தானே. நீங்களே சொல்லுங்கோ.

பத்மநாதன்: உன்ர நக்கல் கூடிப்போச்சு.

சந்திரவதனா: இடைவேளைக்கு முந்தி அவங்களும் ஒண்டு போட்டிட்டாங்கள். பந்து எங்கட பெடியனில பட்டுத் திரும்பி... சரி, விடுங்கோ. விசிலும் ஊதியாச்சு. யனுஷன் இஞ்சால வாறான், முகத்தை ஒழுங்கா வைச்சிருங்கோ.

யனுஷன்: அங்கிள், வந்ததுக்குத் தாங்ஸ். அன்ரி, நீங்கள் இவ்வளவு சைலண்டா இருப்பீங்கள் எண்டு நான் நினைக்கவே இல்லை.

சந்திரவதனா: எனக்கே நம்பேலாமல்தான் கிடக்கு, தம்பி.

பத்மநாதன்: என்ன தம்பி, ஒண்டுக்கு ஒண்டு. நீ கணக்குப் பாக்கிற அந்த ஐபாட் என்ன சொல்லுது?

யனுஷன்: பற்றரி முடிஞ்சுது, அங்கிள்.

பத்மநாதன்: பன்ரண்டு வருசத்தில என்ர தொண்டைக்கு ஒருநாளும் பற்றரி முடியேல்லை.

யனுஷன்: அதாலதான் உங்களிட்ட வந்தனான். அபிஷனை இப்ப இறக்கவோ, கடைசி மட்டும் வைச்சிருக்கவோ?

பத்மநாதன்: என்னையோ கேக்கிறாய்?

யனுஷன்: வேற ஆரைக் கேக்கிறது?

பத்மநாதன்: ...அவங்கட பக்கத்தில, இந்தக் கயித்தோரமா ஓடுற பெடியன் களைச்சிட்டான். இதால போகேக்க மூச்சு இழுக்கிற சத்தம் எனக்கு இஞ்ச கேக்குது. அபிஷனை இப்பவே அவனுக்கு நேர விடு.

யனுஷன்: சரி அங்கிள். தாங்ஸ்.

சந்திரவதனா: நல்லாயிருக்கு. பந்தயத்தில தோக்கிறதுக்கு நீங்களே உதவி செய்யிறியள்.

பத்மநாதன்: கேட்டு வந்தவனுக்குச் சொல்லாமல் விடேலுமே... பெடியன் பரவாயில்லை, வதனா. கேக்கிறான். நான் ஒருத்தரையும் கேட்டதில்லை. எனக்கு எல்லாம் தெரியும் எண்ட மாதிரித்தான் நிண்டனான்.

சந்திரவதனா: அந்தச் சப்பாத்து கூட உங்களிட்டக் கேட்டுத்தான் கிழிஞ்சது.

பத்மநாதன்: ரெண்டாம் பாதியும் தொடங்கியாச்சு. இப்ப எங்க பந்து?

சந்திரவதனா: அவங்கட பக்கம்.

பத்மநாதன்: இப்ப?

சந்திரவதனா: எங்கட பக்கம். இல்லை... திரும்ப அங்கால. ஏன் என்ர கையைப் பிடிக்கிறியள்?

பத்மநாதன்: குளிருது.

சந்திரவதனா: கடைசி நிமிசம். அபிஷனிட்டப் பந்து... வெட்டிக்கொண்டு போறான்...

பத்மநாதன்: கத்தடி!

சந்திரவதனா: ஏலாது! விழுத்திப்போட்டாங்கள்! றெஃபரி கையைக் காட்டுறார்... பெனால்ரி! எங்களுக்குப் பெனால்ரி!

பத்மநாதன்: ஆர் அடிக்கிறது?

சந்திரவதனா: அபிஷன். ஐயோ, என்னாலை பாக்கேலாது. நான் கண்ணை மூடிட்டன்.

பத்மநாதன்: என்னது? கண்ணைத் திற!

சந்திரவதனா: மாட்டன். நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ.

பத்மநாதன்: வதனா, பகிடி விடாதை. கண்ணைத் திற.

சந்திரவதனா: ஏன், நீங்கள் பாக்கிறதுக்கென்ன?

பத்மநாதன்: எனக்குத் தெரியேல்லையடி! பந்தும் தெரியேல்லை, பெடியனும் தெரியேல்லை... எல்லாம் ஒரே வெள்ளை. கெதியாத் திற!

சந்திரவதனா: ...திறந்திட்டன். திறந்திட்டன். ஓடி வாறான்... அடிச்சிட்டான்... கோல்! கோல்! கோலப்பா!

பத்மநாதன்: சத்தம் போடக்கூடாதெண்டு மெசேஜ் வந்ததெல்லே?

சந்திரவதனா: மெசேஜாவது மண்ணாங்கட்டியாவது! அங்க பாருங்... இல்லை, நான் சொல்லுறன். யனுஷன் வெள்ளைச் சப்பாத்தோட சேத்துக்குள்ள விழுந்து கிடக்கிறான். பெடியள் எல்லாரும் அவனுக்கு மேல.

பத்மநாதன்: இனித்தான் அது கோச் போடுற சப்பாத்து.

சந்திரவதனா: அப்ப செவ்வாய்க்கிழமை?

பத்மநாதன்: வாறன். பந்தயம் பந்தயம்தான்.

சந்திரவதனா: ...இஞ்சருங்கோ. ஒண்டு சொல்லோணும். கோவிக்கக்கூடாது.

பத்மநாதன்: சொல்லு.

சந்திரவதனா: உங்களைக் கோச் வேலையால நிப்பாட்டச் சொன்னது கமிட்டி இல்லை. நான். போன வருசம் நீங்கள் கோல் அடிச்ச பெடியனையே வெளியில எடுத்தனீங்களெல்லே... அண்டைக்கு எனக்கு விளங்கிட்டுது. செக்ரட்டரி துஷ்யாவுக்கு ரெலிபோன் எடுத்து, இவருக்குக் கண் ஏலாது, ஆனா தானா விடமாட்டார், நீங்களாச் சொல்லுங்கோ எண்டு அழுதனான். ஒரு வருசமா உங்கட முகத்தைப் பாக்க எனக்கு வெக்கம்.

பத்மநாதன்: தெரியும்.

சந்திரவதனா: தெரியுமோ?

பத்மநாதன்: துஷ்யா அண்டைக்கே சொல்லிப்போட்டாள்.

சந்திரவதனா: பேந்து ஏன் ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டுக் குடுத்தனீங்கள்?

பத்மநாதன்: கடைசி ரெண்டு வருசமும் பந்தைக் கண்டது ஆர்? நீ "ஐயோ" எண்டால் பந்து எங்கட கோலுக்குக் கிட்ட, "போ, போ" எண்டால் அவங்கட கோலுக்குக் கிட்ட. அதைக் கேட்டுத்தான் நான் ஆள் மாத்தினனான். அண்டைக்கு நீ தொண்டை கட்டி ஒண்டும் பேசேல்லை, நான் பிழையான பெடியனை எடுத்திட்டன். உண்மையான கோச்சே ரெலிபோன் எடுத்து விலகிறன் எண்டு சொன்ன பிறகு, வதனா, நான் ஆர் மறிக்க?