அக்னஸ் வர்றதுக்குள்ள

இல்ல பாய், சாக்கடைக் குழாயோட அந்த வளைவுலதான் அடைச்சு மாட்டுது. போன தடவையும் கம்பி அங்கதான் நின்னுச்சு. விட்டு விட்டுத் திருகிப் பாருங்க. நான் வேணா கைப்பிடியச் சுத்தவா? சரி, நீங்களே சுத்துங்க. என் சம்சாரம் அக்னஸ் காந்தி மார்க்கெட்டுக்குப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள முடிச்சிட்டா நல்லது.

வீட்ல நாங்க ரெண்டே பேருதாங்க. ஒரே பையன், விக்டர். எழுபத்தொம்பதுல கூட்டாளிங்களோட கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போனான். தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு. ஆமா, அந்தப் பையன்தான். நம்ம பாலக்கரை சனமே போய்த் தேடுச்சே. உடம்பு கெடைக்கல. அதனால அவன் செத்துட்டான்னு இவ நம்ப மாட்டேங்கறா. கோயில்ல செத்தவங்களுக்கு வெக்கிற ஆத்துமா பூசைக்கு அவன் பேர் குடுப்போமான்னு கேட்டேன். அதுக்கப்புறம் ரொம்ப நாள் எனக்கு மூஞ்சி குடுத்தே பேசல.

வருதா? மெதுவா இழுங்க. ம்... சோறுதான். இல்லைங்க, அவ மேல தப்பில்ல. ஒரு பருக்கையக்கூட வீணாக்க மாட்டா அவ.

தெனம் மத்தியானம் அவனுக்குத் தட்டு வெப்பா பாய். அவனுக்குப் புளிப்பு ஆகாதுன்னு தனியா பருப்பு கடைஞ்சு ஊத்தி, மூடி வெச்சிட்டு, ஜெபம் பண்ண உள்ள போயிடுவா. திரும்பி வர்றப்ப தட்டு அப்படியே இருந்தா அன்னிக்கு அவளும் பட்டினி. எலும்பும் தோலுமா ஆயிட்டா. மொதல்ல அத நானே சாப்ட்டுப் பாத்தேன். தொண்டையில எறங்கல. தெருவுல போட்டா நாய் திங்கறதப் பாத்துடுவா. அதான் இந்தக் குழாயில கொட்டி, கொடத்துத் தண்ணிய ஊத்தி விட்டுடறது. வந்து காலித் தட்டப் பாப்பா. புள்ள வந்து சாப்ட்டுட்டுப் போயிருக்கான், பருப்பு புடிச்சிருக்கும் போலம்பா. நானும் ஆமாம்பேன். அப்புறம் ஒக்காந்து அவளும் ரெண்டு வாய் சாப்பிடுவா.

அவ கேட்டா எண்ணெப் பிசுக்குன்னு சொல்லிடுங்க. சோறுன்னு மட்டும் வாயில வந்துடக் கூடாது.

ஏன் பாய் நிறுத்திட்டீங்க? கம்பிய இன்னும் உள்ள விடுங்க. மத்தியானம் மறுபடி கொட்டணும்ல.