கண்ணை மூடிக்கொள்ளுங்கள்

— ஏழு மணி வரைக்கும்தான்மா. ஞாயித்துக்கிழமை மட்டும். பூங்காத் தெருவ விட்டுட்டு மத்ததெல்லாம் கூட்டு, கடைசியா அங்க வா.

— நல்லாருக்குடி நியாயம். மேஸ்திரி ஆறு மணிக்கே வந்து நிப்பான். பறவைங்க கச்சேரி நடக்குது, முடிஞ்சதும் கூட்டுறேன்னு சொல்லவா?

— விளையாடாத. தொடப்பம் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. பறவைச் சத்தம் கேக்க என்கூட பன்னெண்டு பேர் வராங்க, எங்க ஆபீஸ் மேடம் உட்பட. அவங்க சொல்லித்தான இதையே ஆரம்பிச்சேன்.

— பதினஞ்சு வருசமா அதே தொடப்பம்தான். அந்த மரங்கொத்தி ஒரு நாளும் எனக்குப் பயந்து ஓடுனதில்ல. மரத்த விட்டுட்டு விளக்குக் கம்பத்துத் தகரத்தத் தட்டுவான் கிறுக்கன். தெருவே எந்திரிக்கும்.

— அதக் கேட்டு எல்லாரும் அசந்துட்டாங்கம்மா.

— தெரியும். மூணு மாசம் தேடிக் கண்டுபிடிச்சேன்னு போன வாரம் அவங்ககிட்ட சொன்னியே.

— நீ எங்க இருந்த?

— டாக்டர் வீட்டு மதில் ஓரம், குப்பை வண்டியோட.

— ஏதோ பேச்சுக்குச் சொல்லிட்டேன்.

— சொல்லிக்கோ. அவன் என்ன, எனக்கு எழுதியா குடுத்திருக்கான்? சாக்கடைத் தவளை, கேட்டு மேல நின்னு வால் ஆட்டிக் கத்துற அணிலு, எல்லாத்தையும் எடுத்துக்கோ. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அவங்கள எதுக்குக் கண்ண மூடச் சொன்ன?

— மூடினாத்தான் சத்தம் பிரிஞ்சு கேக்கும்.

— நான் மதிலத் தாண்டி வந்தேன். நீ என்னப் பாத்த. பாத்ததும், எல்லாரும் கண்ண மூடிக்குங்கன்னு குரல் குடுத்த.

— அம்மா...

— நீ மட்டும் மூடல.

— போதும்மா.

— வண்டிச் சக்கரம் கிறீச்சுன்னு கத்தும்ல? முன்பக்கத்தத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே தெருவத் தாண்டினேன். பன்னெண்டு பேரும் வாத்தியார்கிட்ட அடி வாங்கப் போற பசங்க மாதிரி நிக்கிறாங்க. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு போ.

— சிரிக்காத. நாலு அறை விடு. உன் ஆரஞ்சுக் கோட்டு தூரத்துல தெரிஞ்சதும் வாய் தானா கண்ண மூடச் சொல்லிருச்சு. ஆபீஸ்ல துப்புரவு அக்காவ ஒருத்தன் வா போன்னு பேசினான்னு மன்னிப்பு எழுதி வாங்கினவ நான். பெரிய இவ. பெத்தவ எதிர்ல வந்தா பன்னெண்டு பேர் கண்ணக் கட்டுறேன்.

— அழாதடி. கீழ் வீட்டுல கேக்கும்.

— கேக்கட்டும். இந்த ஞாயித்துக்கிழமை நீ அங்கதான் கூட்டுற. அத்தன பேரும் கண்ணத் தொறந்துக்கிட்டு நிக்கட்டும். இதுதான் எங்கம்மா, இந்தத் தெருவுல எது எங்க கத்தும்னு இவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்னு சொல்லப் போறேன்.

— வேணாம்.

— நீ வேணாம்னாலும் சொல்லுவேன்.

— சொன்னா என் மானம் போயிரும்டி.

— உன் மானமா? தப்பு பண்ணவ நான்.

— உன் கூட்டத்துல ஒரு பாட்டு டீச்சர் இருக்காங்கள்ல, கண்ணாடி போட்டவங்க? முந்தாநாள் என்ன நிறுத்தி, பறவை காட்டுற பொண்ணு குரல் அச்சா உங்க குரல் மாதிரியே இருக்கே, உங்க மகளான்னு கேட்டாங்க. எனக்குப் புள்ளையே பொறக்கலம்மான்னு சொல்லிட்டேன்.