ஐம்பத்தொரு குடத்துச் சீர்

மங்கல மேளம் ஓய்ந்தும் மனசுக்குள் மேளம் ஓயாத இந்த மணவிழா மேடைக்குத் தலைமை தாங்கும் எங்கள் சிக்கல் கிராமத்து மகளிர் குழுத் தலைவி, அம்மா சேதுலட்சுமி அவர்களே! மாப்பிள்ளையின் பெரியப்பா, மீசைக்கே மரியாதை தேடித் தந்த வீரபத்திரன் அய்யா அவர்களே! பெண்ணைப் பெற்று, பேணி வளர்த்து, பெருமையோடு எங்களுக்குத் தந்திருக்கும் அபிராமத்து முருகலட்சுமி அம்மா அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் பெரியோர்களே! வெற்றிலைத் தட்டும் கைக்குழந்தையும் ஒரே மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே! மண்ணில் விழுந்தாலும் மறுபடி எழும் என் கபடிக் குழுத் தம்பிகளே! அடுப்படியில் அனலைக் குடித்துக்கொண்டிருக்கும் சமையல் மாஸ்டர் ஹமீது சுல்தான் பாய் அவர்களே! லைவில் பார்த்து லைக் போட்டுக்கொண்டிருக்கும் சிங்கப்பூர், துபாய், மஸ்கட் சொந்தங்களே! உங்கள் எல்லோருக்கும் 'ரெய்டர் மாரி ரசிகர் பக்கம்' அட்மின் பாண்டீஸ்வரன் சொல்கிறேன், வணக்கம்! வணக்கம்! வணக்கம்!

அண்ணே, பச்சைச் சட்டை அண்ணே, எங்க எந்திரிக்கிறீக? பந்தி இன்னும் போடல. எலை போட்டா நானே மொத ஆளா ஓடுவேன், ஒக்காருங்க.

எனக்கு மேடைப்பேச்சு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. செல்போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட தமிழ் இது. வார்த்தை தடுக்கி விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்று நான் பேசாவிட்டால் என் நெஞ்சு பொறுத்துக்கொள்ளாது! ஏன் தெரியுமா? இந்த மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அது யாருக்குப் போட்ட நாற்காலி? ஏன் காலியாக இருக்கிறது? அதைச் சொல்லாமல் நான் இந்த மைக்கைக் கீழே வைக்க மாட்டேன்.

முதலில் மாப்பிள்ளை. எங்கள் மாரிச்செல்வம்! அவர் கோட்டைத் தாண்டிப் போனால் எதிரணிக்கு மூச்சு நிற்கும். அவர் தொட்டுவிட்டுத் திரும்பினால் எங்கள் ஊருக்கே மூச்சு வரும்! அப்படிப்பட்ட மனிதர் இன்று மணையில் சம்மணம் போட்டு உட்காரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, இடது காலை நீட்டி, அப்படியே தாலி கட்டினார். காலையில் பின்வரிசையில் ஒரு குரல் கேட்டேன். "என்னப்பா மாப்ள, இப்பவே ராசா மாதிரி ஒக்காந்திருக்காரு?" ராஜாதான். ஆனால் காரணம் அது இல்லை. போன சீசனில் முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. மதுரை டாக்டர் ஆபரேஷன் என்றார். செய்தால் திரும்ப ஆடலாம். செய்யாவிட்டால் நடையே தாங்கித் தாங்கித்தான். அந்த நேரத்தில்தான் கல்யாணமும் முடிவானது.

கல்யாணம் முடிவானால் என்ன நடக்கும்? பட்ஜெட் நடக்கும்! ரெண்டு வீட்டுக்கும் ஒரே பந்தல், செலவு ஆளுக்குப் பாதி என்று பேசி, மாரி வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். பெண் வீட்டிலிருந்து மணப்பெண் முத்தழகு வீடியோ காலில். போனைப் பிடித்தது யார்? இந்த அட்மின்! சும்மாவா போனேன்? பிளக்ஸ் டிசைனோடு போனேன். மாரி இடப்பக்கம், சீறுகிற காளை வலப்பக்கம், நடுவில் மின்னல், மூலையில் பாஸ்போர்ட் சைஸில் நான்.

முத்தழகு பார்த்தது. "அண்ணே, இது எத்தன அடி?"

"நாப்பது அடிம்மா! மெயின் ரோட்டுல பஸ்ஸுல போறவனுக்கே மாரி மூஞ்சி தெரியும்!"

"சரிண்ணே. மறுநாள் அது எங்க கெடக்கும்?"

நான் யோசிக்கிறதுக்குள்ள எங்க கோஷ்டில ஒருத்தன் பின்னால இருந்து கத்திட்டான். "எங்க வீட்டு ஆட்டுக் கொட்டகை மேல கெடக்கும் மதினி!"

"ஆட்டுக்கு எதுக்குண்ணே அவுக மூஞ்சி? செலவு நோட்டுல அத அடிச்சிருங்க."

அடித்தார்கள்! என் காளையை அடித்தார்கள், என் மின்னலை அடித்தார்கள், மூலையில் சிரித்துக்கொண்டிருந்த என்னையும் சேர்த்து அடித்தார்கள்!

சிரிக்காதீக, வலி எனக்குத்தான் தெரியும்.

டிரோன் கேமரா? "மறுநாள் எங்க கெடக்கும்?" பரமக்குடியில் இன்னொரு கல்யாணத்தில் பறக்கும். "பறக்கட்டும், அடிச்சிருங்க." வாணவெடி? "மறுநாள் எங்க கெடக்கும்?" தெருக் கூட்டுகிற அக்கா முறத்தில் கிடக்கும். "அவுகளுக்கு எதுக்கு வேல வைக்கணும்? அடிச்சிருங்க." மேளம்? அங்கே மட்டும் குரல் மாறியது. "மேளக்காரவுக வீட்டுல மறுநாள் ஒல கொதிக்கும். அது இருக்கட்டும்." சாப்பாடு? "வந்தவுக வயித்துல கெடக்கும். அதுல கை வைக்காதீக!"

நம்ம பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. மீசை துடித்தது. "ஏம்மா, கல்யாண வீட்டுக்கு ஒரு கெத்து வேணாமா?"

அப்போது அந்தப் பெண் கேட்டது பாருங்கள் ஒரு கேள்வி! நான் ஆயிரம் வீடியோவுக்குத் தலைப்பு வைத்தவன். என் வாழ்நாளில் அப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை.

"பெரிய மாமா, பந்தல் மறுநாள் எங்க கெடக்கும், பாத்திரம் மறுநாள் எங்க கெடக்கும்னு நமக்குத் தெரியும். அவுக மறுநாள் எங்க கெடப்பாகன்னு யாராச்சும் கேட்டீகளா? மொத வரில அவுக முட்டிய எழுதுங்க. மிச்சம் இருந்தா மத்ததுக்கு."

அய்யா, ரசிகன் என்று மார்தட்டிக்கொள்கிறோமே, நாம் எதை ரசித்தோம்? அவர் ரெய்டை ரசித்தோம், ரீல்ஸ் போட்டோம். அந்தக் காலை முதல் வரியில் எழுதியது யார்? அன்றிலிருந்து நான் மாரிக்கு ரசிகன், முத்தழகுக்குப் பரம ரசிகன்! எங்கே, ஒரு கைதட்டல்! சத்தம் பத்தல, மஸ்கட்டுக்குக் கேக்கணும்!

எல்லாவற்றையும் அடித்தோம். ஒன்றை மட்டும் அடிக்க முடியவில்லை. தண்ணீர் பாட்டில். மறுநாள் எங்கே கிடக்கும்? போன மாதக் கல்யாணத்து பாட்டில் எல்லாம் இன்னும் நம்ம கண்மாயில் மிதக்கிறது, போய்ப் பாருங்கள். ஆனால் வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டாமா? நம்ம ஊர் போர்த் தண்ணீரை வாயில் வைத்தால் கடலுக்கே சந்தேகம் வரும், இது நம்ம வீட்டுப் பிள்ளையோ என்று. பாட்டில் செலவு மட்டும் மலை மாதிரி நின்றது. மலை நின்ற இடத்தில்தான் மாமன் வருகிறார்.

அபிராமத்துக்குப் பக்கம் மருதனேந்தல். முருகலட்சுமி அம்மாவின் உடன்பிறந்த தம்பி, முத்தழகின் தாய்மாமன், குருநாதன். சொந்தக் காணி கிடையாது. அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்கு மிளகாய் போடுகிறவர். இந்த வருஷம் பழம் எடுக்கிற நேரம் பார்த்து மழை வந்தது, வத்தல் களத்திலேயே கறுத்துப் போனது. கையில் இருந்தது கொஞ்சம் ஆடு. அக்கா மகளுக்குச் சீர் செய்ய வேண்டுமே! அந்த ஆடுகளை விலை பேச ஆள் வரச் சொல்லிவிட்டார். ஆடு போனால் அடுத்த வருஷம் அந்த வீட்டுக்கு என்ன வழி? அதை அவர் யோசிக்கவில்லை. தாய்மாமன் யோசிக்க மாட்டான், சீர் செய்வான்!

முத்தழகுக்குச் சேதி போனது. உடனே அந்தப் பிள்ளை நேரே மருதனேந்தல் போனது. முருகலட்சுமி அம்மா கூடவே இருந்தார், அவர் சொல்லக் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

"மாமா, ஆட்ட விக்கப் போறீகளாமே?"

"தாய்மாமன் வெறுங்கைய வீசிக்கிட்டு வந்தா சபையில என்னாத்தா பேசுவாக?"

"வெறுங்கையோட யாரு வரச் சொன்னா? எனக்கு என்ன வேணும்னு கேட்டீகளா?"

"கேளு. கட்டிலா, பீரோவா, வண்டியா?"

"ஒங்க ஊருணித் தண்ணி."

குருநாதன் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கேலி பண்றியா? தண்ணிய எவனாச்சும் சீராக் கொண்டு போவானா?"

"நீங்க ஒரு தடவ சிக்கலுக்கு வந்து தண்ணி குடிச்சுட்டு, அப்பறம் பேசுங்க மாமா."

அந்த ஊருணி எப்படிப்பட்டது தெரியுமா? சுற்றிலும் வேலி. செருப்போடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு எட்டிப் பார்க்கக் கூடாது. கோடையிலும் இனிக்கும். காவலுக்குக் கம்போடு நிற்பவர்களில் முதல் ஆள் நம்ம குருநாதன் மாமாதான். அவர் கடைசியாக ஒன்று சொன்னார். "அது எந் தண்ணி இல்லாத்தா, ஊருத் தண்ணி. ஊரக் கேட்டுத்தான் சொல்லுவேன்."

ஊரைக் கேட்டார். ஊர் என்ன சொன்னது? "வீட்டுக்கு ஒரு கொடம்! நம்ம புள்ளைக்குச் சீரு!" மருதனேந்தலில் ஐம்பத்தொரு வீடு. ஐம்பத்தொரு குடம்!

இன்று காலை பார்த்தீர்களா இல்லையா? ஊர் ஆர்ச்சுக்கு வெளியே டிராக்டர் நின்றது, அங்கிருந்து நடைதான். பித்தளைக் குடம், எவர்சில்வர் குடம், பிளாஸ்டிக் குடம், பச்சை, நீலம், ரோஸ். வாயில் வெள்ளைத் துணி கட்டி, வேப்பிலை செருகி, அம்மாமார் தலையில் வரிசை வரிசையாக! முன்னால் குருநாதன் மாமா, தோளில் ஒரு குடம். அய்யா, எத்தனையோ சீர் பார்த்திருக்கிறேன். பீரோ வேனில் வரும், வண்டி வேனில் வரும். ஒரு ஊரே நடந்து வந்த சீரை நான் பார்த்ததில்லை!

ஆனால் பந்தல் வாசலில் ஒரு குரல் கேட்டது. "என்னப்பா, இவுக ஊருக்குத் தண்ணி லாரி வரலையா? கொடத்தத் தூக்கிக்கிட்டு இங்கன வந்து வரிசையில நிக்கிறாக?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யார் சொன்னது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குரலுக்கு மீசை இருந்தது.

கோவிக்காதீக பெரியப்பா, ஒங்க வீட்டுப் புள்ள நான், எனக்கு உரிமை இருக்கு.

அந்தச் சிரிப்போடு போயிருந்தால்கூட நான் விட்டிருப்பேன். பிறகு மைக்கில் சீர் வாசித்தார்கள். வாசிக்காத சீர் சீரா? சபையில் சொன்னால்தானே செய்தவனுக்குத் தலை நிமிரும்? அத்தை வீட்டுக் கட்டில் வாசித்தார்கள். சித்தப்பா வீட்டு பீரோ வாசித்தார்கள். மிக்ஸி, குக்கர், சுவர்க் கடிகாரம் வரைக்கும் வாசித்தார்கள். தாய்மாமன் சீர் வந்தபோது, தண்ணீரை என்னவென்று வாசிப்பது என்று தெரியாமல் தாளை மடித்துவிட்டார்கள். குருநாதன் மாமா அதுவரை மேடைப் படியில் நின்றார். மடித்ததைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்தார், இடுப்பில் கட்டினார், இறங்கிப் போய்விட்டார். இப்போது எங்கே இருக்கிறார்? அதோ! தண்ணீர்ப் பந்தலில், வருகிறவர்களுக்கு டம்ளரில் மோந்து மோந்து கொடுத்துக்கொண்டு நிற்கிறார்! அவருக்குப் போட்ட நாற்காலிதான் அய்யா இது!

பாய், அடுப்படில இருந்து என்னமோ சொல்றீக, சத்தமாச் சொல்லுங்க. கேட்டீகளா? "டேங்கர் தண்ணிய கை கழுவ விட்டுட்டேன், சாம்பாருக்கு அந்தக் கொடத்துத் தண்ணிதான், பருப்பு பூவா மலந்துருச்சு"ங்கிறாரு! மணம் வருதுல்ல? அது மருதனேந்தல் மணம்!

இன்னொன்று கேட்கிறேன். இந்தத் தண்ணீர் வரும் என்று தெரிந்ததால் பாட்டில் வாங்கவில்லை. பாட்டில் காசும், பிளக்ஸ் காசும், வெடிக் காசும் எங்கே போனது? நேற்றே மதுரை ஆஸ்பத்திரிக்கு முன்பணமாகப் போய்விட்டது. அடுத்த மாதம் ஆபரேஷன்! மாரி மறுபடி கோட்டைத் தொடும்போது நாம் விசில் அடிப்போமே, அந்த விசிலில் ஐம்பத்தொரு வீட்டுத் தண்ணீர் இருக்கிறது! நாங்கள் பிளக்ஸில் பிடித்த காளை வெறும் படம். அவர்கள் தூக்கி வந்தது எங்கள் ஆளின் கால்! இதையா சபையில் வாசிக்கத் தெரியவில்லை? இதைவிடப் பெரிய சீர் இந்தச் சீமையில் எந்த மேடை பார்த்தது?

பெரியப்பா, ஒண்ணே ஒண்ணு. ஒங்க கையில இருக்கிற டம்ளர். காலையில இருந்து அது மூணாவது. அது எந்தத் தண்ணி?

...சபை சிரிக்கட்டும், அய்யா சிரிக்கவில்லை. டம்ளரைப் பார்க்கிறார். எழுந்திருக்கிறார்... பெரியப்பா, கோவமா? அடிக்க வாரீகளா? மைக் வேணுமா, இந்தாங்க, நீங்களே வாசிங்க. வேணாமா? என்ன சொல்றாகன்னா... "நீ வாசிலே. நான் போயி சம்பந்தியக் கூட்டிட்டு வாரேன்!"

சபையோரே, வழி விடுங்கள்! அங்கன நிக்கிறவுக ஒதுங்குங்க! இறங்கிவிட்டார்... தண்ணீர்ப் பந்தலுக்குப் போய்விட்டார். குருநாதன் மாமா கையை உதறுகிறார், ஈரக் கை என்கிறார். பெரியப்பா அந்த ஈரக் கையையே பிடித்துக்கொண்டார். இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தன் கையாலேயே அவர் தோளில் போடுகிறார்! வருகிறார்கள், ரெண்டு பேரும் வருகிறார்கள்! மேளக்கார அண்ணே, வாசிங்க! ஒங்களுக்குத்தான் பட்ஜெட்ல காசு வச்சோம்!

இப்போது வாசிக்கிறேன். மடித்த தாளை விரித்து வாசிக்கிறேன். மணமகள் முத்தழகின் தாய்மாமன், மருதனேந்தல் குருநாதன் அவர்களும், மருதனேந்தல் ஊரும் சேர்ந்து செய்த சீர்: ஊருணித் தண்ணீர், ஐம்பத்தொரு குடம்!

இன்னொரு தடவையா? மருதனேந்தல் அம்மாமார் கேட்கிறார்கள், வாசிக்கிறேன்! ஊருணித் தண்ணீர், ஐம்பத்தொரு குடம்!

மாமா படியேறிவிட்டார். மாப்பிள்ளை மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்க்கிறார். அட, மாமா சத்தம் போடுகிறாரே! "மாப்ள, எந்திரிக்காதீக! முட்டி, முட்டி!"

மேடையேறி, காலி நாற்காலியில் உட்காரும் முன்னால் அவர் பேசிய முதல் பேச்சு இது. இதற்கு மேல் இந்த மணமக்களை வாழ்த்த என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. பேச விட்ட தலைவி அம்மாவுக்கும், திட்டாமல் கேட்ட பெரியப்பாவுக்கும், குடம் சுமந்த தலைகளுக்கும் என் நன்றி. எல்லோரும் ஆளுக்கு ஒரு டம்ளர் அந்தத் தண்ணீரைக் குடித்து, மாரியையும் முத்தழகையும் மனசார வாழ்த்திச் சொல்லுங்கள், நல்லா இருங்க என்று. வணக்கம்!

பச்சைச் சட்டை அண்ணே, எலை போட்டாச்சு. வாங்க, ஓடுவோம்!