அடிக்காத போன்

இந்தக் கிடங்கின் பாரத்தையெல்லாம் தாங்குவதோடு இந்தக் கூட்டத்தின் தலைமையையும் தாங்கும் எங்கள் மேலாளர் அவர்களே! இரும்போடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்று, இன்று முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த தொழிலாளர்களே! வேலைக்குப் போனவர் முழுசாக வீடு திரும்ப வேண்டுமே என்று வாசலைப் பார்த்தே வாழப் பழகிய தாய்மார்களே! என்னோடு புழுதி குடிக்கும் தோழர்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

பாதுகாப்பு வாரத்தில் பேச வந்தவள் தலைக்கவசம் பற்றிப் பேசுவாள், கையுறை பற்றிப் பேசுவாள் என்று நினைத்திருப்பீர்கள். தலைக்கவசம் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும். தலைக்குள்ளேயே ஒன்று புகுந்து உட்கார்ந்துகொண்டால் எந்தக் கவசம் தடுக்கும்? அதைத்தான் பேச வந்திருக்கிறேன். அச்சத்தோடுதான் பேசுகிறேன்.

என் அண்ணனை உங்களுக்குத் தெரியும். கிரேன் ஓட்டுபவர். உயரத்தில் கண்ணாடி அறைக்குள் அமர்ந்து, யானைக் கனமுள்ள இரும்புத் தகடுகளை லாரியில் பூப்போல இறக்குபவர். பார்வைக் கூர்மைக்காகக் கழுகு என்று நீங்கள் வைத்த பெயர், இன்று வீட்டுச் சிலிண்டர் கொண்டுவருபவர் வரைக்கும் பரவிவிட்டது. நான் அவருக்குக் கீழே நின்று சைகை காட்டுபவள். தூக்கு, நகர்த்து, நிறுத்து, எல்லாம் என் கையசைவில். அந்தக் கையைப் பார்ப்பதோ அவர் கண். ஆக, அவர் கண்ணில்தான் என் உயிர்!

அந்தக் கண் எப்போது மாறியது? எங்களுக்கே தெரியாது. வீட்டில் போனும் கையுமாக இருந்தார், யார்தான் இல்லை? ஒரு காணொளி முடியுமுன் அடுத்தது, அதன் பாதியில் ஒரு செய்தி, செய்தியின் பாதியில் யாரோ யாரையோ திட்டுவது. அண்ணி ஒன்றை மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. போனைக் கீழே வைப்பார், அடுத்த நொடியே எடுப்பார். ஒருநாள் எடுத்த போனை வெறித்துப் பார்த்து, "இத இப்ப எதுக்கு எடுத்தேன்?" என்று என்னிடம் கேட்டார். நாங்கள் சிரித்தோம். ஐயோ, அன்றைக்குச் சிரித்தோம்!

பிறகு அந்தக் காலை வந்தது. தகட்டுக் கட்டு தூக்கியாயிற்று. லாரியை நெருங்கியதும் உள்ளங்கையை உயர்த்தினேன். நிறுத்து என்று பொருள். கட்டு நிற்கவில்லை. மீண்டும் உயர்த்தினேன். நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அண்ணன் முகம் தெரிந்தது. அது என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தது!

தரையில் விழுந்தேன். மேலே வெளிச்சம் மறைந்தது. என் கவசத்தை உரசிக்கொண்டு போன கட்டு லாரியின் பக்கவாட்டைப் பிளந்த சத்தம் இன்னும் என் பல்லுக்குள் இருக்கிறது.

என்ன கேட்கிறீர்கள், பின்வரிசை அண்ணாச்சி? வேலை நேரத்தில் போன் பார்த்தாரா என்றா? இல்லை ஐயா, இல்லை! விதிப்படி அது உடைமாற்றும் அறையில், பெட்டிக்குள், பூட்டிக் கிடந்தது. எல்லார் முன்னிலையிலும் அவரே திறந்து காட்டினார். ஓர் அழைப்பும் வந்திருக்கவில்லை. ஒரு செய்தியும் வந்திருக்கவில்லை.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அண்ணன் மெல்லச் சொன்னார்: "தொடையில போன் அடிச்சுது பாப்பா. ஒண்ணுமே இல்லாத பையில அடிச்சுது."

பையில் போன் இருந்தால் பறிக்கலாம். பெட்டிக்குள் இருந்தால் பூட்டலாம். மூளைக்குள் அடிக்கும் போனை எந்தப் பெட்டியில் பூட்டுவது? எந்தச் சாவியால் பூட்டுவது?

(நடுவரிசைத் தம்பி, சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்காதீர்கள். உங்களுக்கும் அடிக்கவில்லை.)

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்லவர். கிரேன் சங்கிலி வழுக்கியிருக்கலாம் என்று எழுதிவிட்டால் அண்ணன் வேலை தப்பும் என்று ஜாடையாகச் சொன்னார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அண்ணன் தலையாட்டிவிட வேண்டும் என்றுதான் வேண்டினேன். அவரோ, "சங்கிலி நல்லாத்தான் இருக்கு சார். நாந்தான் நல்லா இல்ல" என்றார்.

கிரேன் வேலையிலிருந்து அவரை இறக்கினார்கள். தரையில் தகடு துடைத்தார். மூளையில் காயம் எதுவும் இல்லை என்றார் மருத்துவர். சதா கூப்பிடக் கூப்பிட ஓடிப் பழகிய மனம், கூப்பிடாதபோதும் ஓடுகிறது, மீள்வதற்கு நாளாகும், உறுதி சொல்ல முடியாது என்றார். அண்ணன் சாதாரண போனுக்கு மாறினார். ஆனாலும் அடித்தது. சாப்பிடும்போது அடித்தது. குளிக்கும்போதும் அடித்ததாம்! கட்டிய துண்டில் பை ஏது? சிரிக்கிறீர்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கண் மட்டும் கலங்கியிருந்தது.

மெல்ல மெல்லக் குறைந்தது. நாளிதழை ஒரே மூச்சில் படித்தார். அண்ணி ஒருமுறை சொன்னாலே திரும்பினார். போன வாரம், சோதித்துப் பார்த்து, மறுபடி ஏற அனுமதித்தார்கள். கீழே யார் நிற்பது?

ஒருவரும் முன்வரவில்லை. அதை நான் குறை சொல்லவில்லை. நான் நிற்பதாகச் சொன்னதும் அண்ணி, "நீ நிக்காத. உனக்கும் புள்ளைங்க இருக்கு" என்றாள். ஆனாலும் நின்றேன். கட்டு எழுந்தது. நகர்ந்தது. என் தலைக்கு நேரே வருவதுபோல் வந்தது. கையை உயர்த்தினேன்.

நின்றது.

ஏணியில் இறங்கி வந்த அண்ணனின் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "இன்னைக்கும் அடிச்சுது பாப்பா. நான் குனியல."

அடிக்கும், பெரியோர்களே! வண்டி ஓட்டும்போது அடிக்கும், குழந்தை பேசும்போது அடிக்கும், அடுப்பில் எண்ணெய் காயும்போது அடிக்கும். அடிக்கிறதா என்பதல்ல கேள்வி. குனிவோமா என்பதே கேள்வி! நம் ஒவ்வொருவர் கண்ணுக்குக் கீழும் ஓர் உயிர் கையை உயர்த்தியபடி நிற்கிறது. அந்தக் கையைப் பாருங்கள். அந்தக் கையை மட்டும் பாருங்கள்!

தடுமாறிய என் பேச்சை இவ்வளவு நேரம் தாங்கிக்கொண்ட தலைவருக்கும் உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.